பலாமரத்தின் வைரம்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் காக்கப்படும் ‘அம்மச்சிப் பிலாவு’ ஒரு பட்டுப்போன பலா அடிமரம். எதிரிகளுக்குத் தப்பி மன்னர் மார்த்தாண்டவர்மர் இதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஐதிகம். வெட்டும்போது மஞ்சளாக இருக்கும் பலாவின் வைரம், ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். கரையான் எளிதில் அண்டாது. தஞ்சாவூர் வீணைக்கும் இதே மரம்தான்.

தச்சுவேலையில் பலா எட்டிய உயரத்தைக் காண, பாறசாலை எல்லையைத் தாண்டித் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்ல வேண்டும். 1956 முதல் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும், இதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. முகப்பு மண்டபமான பூமுகத்தின் விதானத்தில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆனாலும் நின்று பார்க்க வேண்டியது அரண்மனையின் ஒரு பகுதியான தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்துப் பலாத்தூணைத்தான். உளி இழைத்த ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் தங்கும் ஆழம் உண்டு. கல்லில் இந்த மென்மை அரிது.

இங்கே பலா தாராளமாகக் கிடைத்தது; நல்ல மரம் அரிதான பண்டைய எகிப்திலோ தச்சர்கள் கருவேலம், காட்டத்தி ஆகியவற்றின் சிறு துண்டுகளைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தினர். நெடிய பலகைக்கு லெபனான் தேவதாருவை நம்பினர். 1954-இல் கிடைத்த கூஃபு மன்னரின் 43 மீட்டர் படகு அத்தகைய தேவதாருவால் ஆனது. அதன் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டவை. அங்கே வறண்ட காற்று மரத்தைக் காத்தது; கனமழை பெய்யும் இம்மண்ணில், தாழ இறங்கிய ஓட்டுக்கூரையும் மரத்தின் வைரமும் காத்தன.