இருப்புப்பாதையின் அகலமும் உரோமானியத் தேர்க்கதையும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

உலக இருப்புப்பாதைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 4 அடி 8½ அங்குலம் (1,435 மி.மீ.) ஆகும். உரோமானியப் போர்த்தேரை இழுத்த இரு குதிரைகளின் பின்புற அகலமே இவ்வளவாயிற்று என்றும், அமெரிக்க விண்ணோடத்தின் உந்துகலன்களையும் அக்குதிரைகளே வரையறுத்தன என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. அதன் தருக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கதையின் உண்மைக்கூறு

ஜார்ஜ் ஸ்டீபன்சன் கையாண்ட அளவு, வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரைகள் இழுத்த வண்டிப்பாதைகளிலிருந்து வந்தது. கில்லிங்வொர்த் சுரங்கத்தின் 4 அடி 8 அங்குலத்தை 1825இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையிலும் அவர் பின்பற்றினார். சக்கரங்கள் தடையின்றி ஓடுவதற்கென அரை அங்குலம் பின்னர்ச் சேர்ந்தது.

குதிரை இழுக்கும் வண்டி எக்காலத்தும் ஏறத்தாழ ஒரே அகலம் கொள்ளும். ஒரே தேவை இரு காலங்களில் ஒத்த அளவைத் தருதல் இயல்பு. ஒப்புமை மரபுரிமை ஆகாது. மேலும், ஸ்டீபன்சன் பிறந்த வைலம் ஊர் வீட்டின் முன் சென்ற வண்டிப்பாதையின் அகலம் 5 அடி. உரோமானியத் தடம் ஆண்டிருப்பின், அண்டை ஊர்களில் அளவு வேறுபட்டிராது.

கதை மறைப்பது

கிரேட் வெஸ்டர்ன் பாதையைப் புரூனல் 7 அடி அகலத்தில் அமைத்தார். 1845இல் அமைந்த ஆணையம் நடத்திய ஓட்டச் சோதனைகளில் அகன்ற பாதையின் எஞ்சின்களே விரைவில் விஞ்சின. எனினும் ஆணையம் குறுகிய அளவையே பரிந்துரைத்தது; அது ஏறத்தாழ 1,900 மைலுக்கும், மற்றது 274 மைலுக்கும் அமைந்திருந்ததே காரணம். 1846ஆம் ஆண்டுச் சட்டம் புதிய பயணியர் பாதைகளுக்குப் பிரிட்டனில் 4 அடி 8½ அங்குலத்தையும், அயர்லாந்தில் 5 அடி 3 அங்குலத்தையும் விதித்தது. அதே பிரிட்டானியப் பொறியாளர்கள் இந்தியாவில் 5 அடி 6 அங்குலத்தில் பாதை அமைத்தனர். 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கிச் சென்ற பாதையும் அவ்வகலத்ததே. உரோமானியக் குதிரைக்கு இங்கு இடமில்லை.

உந்துகலன் வாதமும் நில்லாது. அதன் விட்டம் ஏறத்தாழ 12 அடி. பாதையகலத்தின் இரண்டரை மடங்கு. குகைப்பாதையில் செல்லும் சரக்கின் உருவை வரையறுப்பது குகையின் உயர அகலமேயன்றித் தண்டவாள இடைவெளி அன்று.

முடிவுரை

இக்கதையின் குறை காலப்பிழை மட்டுமன்று. ஆணையமும் சட்டமன்றமும் செய்த தேர்வை அது குதிரையின் மேல் ஏற்றுகிறது. மாந்தர் முடிவை மாற்றவியலா விதியாக்குகிறது. சிறந்தது என்பதால் அன்றி, மிகுதியாக அமைந்துவிட்டது என்பதாலேயே இவ்வளவு வென்றது. கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் தன் பாதையை முழுதும் மாற்றி முடிக்க 1892 வரை ஆயிற்று. தொடக்கத்தில் எடுக்கும் முடிவின் சுமையை உணர்த்தும் இவ்வரலாறே கற்பிக்கத்தக்கது.