சொற்பட்டியலில் ஒரு தந்தை: பெகாக்கின் நாவல் காட்டும் மொழிநிலை

பிரான்சில் குடியேறிய வட ஆப்பிரிக்க முஸ்லிம் தொழிலாளரின் வாழ்வை மொராக்கோ எழுத்தாளர் திரீஸ் ஷ்ராயிபி 1955இலேயே நாவலாக்கினார். அத்தகைய தொழிலாளரின் பிள்ளைகள் தம் வாழ்வைத் தாமே எழுதிய நாவல்கள் 1980களில் ஓர் இலக்கிய வகையாக உருப்பெற்றன. அவற்றுள் அசூஸ் பெகாக்கின் 'லெ கோன் து ஷாபா' (1986) குறிப்பிடத்தக்கது. பெகாக் 1957இல் லியோன் நகரில் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 'கோன்' என்பது லியோன் வட்டார வழக்கில் சிறுவனைக் குறிக்கும்; 'ஷாபா' என்பது லியோனை அடுத்த வில்லூர்பானில் இருந்த குடிசைப் பகுதிக்கு அங்கு வாழ்ந்தோர் வழங்கிய அரபுப் பெயர். எனவே நூற்பெயரிலேயே இருமொழிகள் இணைகின்றன.

இந்நாவலை வறுமையின் ஆவணமாக மட்டும் கொள்வோர்க்கு அதன் இறுதிப் பக்கங்கள் வெறும் பின்னிணைப்பாகவே தோன்றும். அங்கு இரு சொற்பட்டியல்கள் உள்ளன. செத்திஃப் பகுதியினரின் பேச்சு தந்தை பூசித்தின் பெயராலும், லியோன் மக்களின் பேச்சு மகன் அசூஸின் பெயராலும் அவற்றில் சுட்டப்படுகின்றன. தந்தையின் பிரெஞ்சு ஒலிப்பை விளக்கும் குறிப்பும் உண்டு. பிரெஞ்சின் பகர ஒலி அரபு மொழியில் இல்லாமையால் 'பொலீஸ்' என்பது 'பூலிசியா' என, குரலொலியுடைய பகரம் பெற்று ஒலிக்கிறது. பிறமொழிச் சொல் தன்மொழி ஒலிக்கேற்பத் திரியும் இம்முறை, தமிழ் இலக்கணத்தார் கூறும் தற்பவத்தை ஒத்ததாகும். பிழையெனக் கருதப்பட்ட பேச்சு இங்கு விதியுடைய மொழியாகிறது.

மெஹ்தி ஷரெஃபின் நாவலோடு (1983) ஒப்பிடின் இவ்வேறுபாடு தெளிவாகும். அதில் 'ஆர்க்கிமிடீஸ் தேற்றம்' என்னும் பிரெஞ்சுத் தொடரை மாணவன் ஒருவன் 'ஆர்ச்சி அகமதுவின் அந்தப்புரத்தில் தேநீர்' எனப் பொருள்படுமாறு எழுதுகிறான், அதுவே நூற்பெயருமாகிறது. அங்குப் பிழை நகைச்சுவையாகவே நிற்கிறது; பெகாக்கிடம் அது இலக்கணமாக உயர்கிறது.

ஆயினும் இவ்வுயர்வு குறையற்றதன்று. தந்தை எழுதப்படிக்க அறியாதவர். தம் பேச்சின் அகராதியை அவரால் படிக்க இயலாது. அது பிரெஞ்சு வாசகருக்காகவே அமைந்தது. மகன் அதனைத் தொகுக்க முடிந்ததும் பள்ளிக் கல்வியாலேயே. அக்கல்வியில் அவன் சிறந்தபோது, 'நீ அரபியன் அல்லன்' என உடன்பயிலும் அரபுச் சிறுவர்கள் அவனை ஒதுக்குகின்றனர். தந்தையின் மொழியைக் காக்கும் கருவியே அவனைத் தன் இனத்தாரிடமிருந்து பிரிக்கவும் செய்கிறது.

பிற்காலத்தில் பெகாக் பிரெஞ்சு அரசில் சமவாய்ப்புக்கான அமைச்சராகப் (2005–2007) பணியாற்றினார். அப்பதவியினும் இச்சிறு பட்டியல் ஆழமான செய்தியைக் கூறுகிறது எனலாம். தந்தையின் பேச்சுக்கு மட்டுமன்றி லியோன் வழக்கிற்கும் அதில் பொருள் தரப்பட்டுள்ளது. பாரிஸ் வாசகர்க்கு இரண்டும் விளக்கம் வேண்டுவனவே. குடியேறியவர் மொழியும் மண்ணின் மொழியும் ஒரே தளத்தில் வைக்கப்படுவதே இந்நாவலின் தனிச்சிறப்பாகும்.