டயர்வுல்ஃப்: சூட்சுமம் மில்லி விநாடிகளில்

தரவைச் சிறு பாக்கெட்டுகளாக வானலையில் அனுப்பும் பாக்கெட் ரேடியோவை இயக்க ஒரு காலத்தில் டிஎன்சி என்ற தனி மோடம் பெட்டி வாங்கியாக வேண்டும். அந்த வேலை முழுவதையும் கணினியின் சவுண்ட் கார்டை வைத்தே முடித்துவிடுகிறது டயர்வுல்ஃப். ஜான் லேங்னர் எழுதிய இலவசத் திறமூல மென்பொருள் இது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். ராஸ்பெர்ரி பை, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஆகியவற்றோடு இணைத்துப் பயன்படுத்தினேன். ராஸ்பெர்ரி பையில் ஒலி உள்ளீடு கிடையாது என்பதால் யுஎஸ்பி கார்டு கட்டாயம்.

பெறுவதில் குறையே சொல்ல முடியாது. ஒலி அளவை 50ஐ ஒட்டி வைத்தால் போதும், இரைச்சலுக்கு நடுவிலும் பாக்கெட்டுகளைப் பிரித்துத் தருகிறது. அனுப்பும்போதுதான் நம் கைவேலை தேவை. கான்ஃபிக் கோப்பில் அதற்கு நான்கு வரிகள் உண்டு.

முதலாவது, டிஎக்ஸ்-டிலே. ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றும் பிடிடியை அழுத்திய கணமே ரேடியோ முழுச் சக்தியில் பேசத் தொடங்குவதில்லை. சின்தசைசர் நிலைகொள்ள வேண்டும். எதிர்முனையில் இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் திறக்க வேண்டும். அதுவரை மோடம் வெறும் ஃப்ளாக் பைட்டுகளை அனுப்பிக் காத்திருக்கிறது. இங்கே அலகு 10 மில்லி விநாடி என்பதை மறக்கக் கூடாது. இயல்பு மதிப்பான 30 என்பது 300 மில்லி விநாடி. 1200 பாட் வேகத்தில் அந்த நேரத்துக்குள் 45 பைட்டுகள் போய்விடும். பாக்கெட் ரேடியோ வழி இருப்பிடம் பகிரும் ஏபிஆர்எஸ் முறையின் இருப்பிடச் செய்தியே பெரும்பாலும் 100 பைட்டுக்குள் அடங்கிவிடும் என்றால், காத்திருப்புக்கு நாம் தரும் விலை புரியும்.

சரியான மதிப்பைக் கண்டுபிடிக்க ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் அனுப்பி, இன்னொரு ரிசீவரில் டீகோட் செய்து பார்த்தேன். 50இல் தொடங்கிப் படிப்படியாக இறக்கியபோது, 20க்குக் கீழே பாக்கெட்டுகள் தவறத் தொடங்கின. கொஞ்சம் இடைவெளி விட்டு 25இல் நிறுத்தினேன். ஆனால் இது மேசைமேல் கிடைத்த எண். பாக்கெட்டுகளைப் பெற்று மறுபடி அனுப்பும் தூரத்து டிஜிபீட்டர் ஸ்கெல்ச்சை மெதுவாகத் திறந்தால் இன்னும் ஏற்ற வேண்டியிருக்கும். நம் ரேடியோவின் வேகம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. கேட்பவர்களில் மெதுவானவரின் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

டிஎக்ஸ்-டெயில், பாக்கெட் முடிந்தபின் பிடிடியைச் சற்று பிடித்துவைக்கிறது. சவுண்ட் கார்டில் தேங்கிய ஒலி வெளியேறுமுன் ரேடியோ அணைந்தால் கடைசி பைட்டுகள் போய்விடும். இயல்பான 10 எனக்குச் சரியாக இருந்தது.

ஸ்லாட்-டைமும் பெர்சிஸ்டும் இணைபிரியாதவை. சேனல் காலியானதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் மோதல்தான். பெர்சிஸ்ட் 63 என்றால் 256க்கு 64, அதாவது உடனே அனுப்ப 25 சதவீத வாய்ப்பு. அது அமையாவிட்டால் ஒரு ஸ்லாட், 100 மில்லி விநாடி, பொறுத்து மறுபடி முயலும். நெரிசலான சேனலில் பெர்சிஸ்டை ஏற்றாதீர்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் டிஜிபீட்டரில் கதை மாறுகிறது. தரையில் பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையங்கள் ஒன்றையொன்று கேட்காது. மேலே இருப்பதற்கோ எல்லாமே கேட்கும். பெர்சிஸ்ட் அங்கே பெரிதாக உதவாது. டிஎக்ஸ்-டிலேயைக் குறைத்துச் சுருக்கமாக அனுப்புவதுதான் மற்றவர்களுக்கும் நல்லது.

குறைகளும் உண்டு. அமைப்புகளுக்கு வரைகலைத் திரை இல்லை. கோப்பைத் திருத்தினால் மறுபடி இயக்க வேண்டும். கிஸ் நெறிமுறையில் இணையும் செயலி தன் டிஎக்ஸ்-டிலேயை அனுப்பி, கோப்பில் உள்ளதை மேலெழுதிவிடலாம். மாற்றிய மதிப்பு வேலை செய்யவில்லை என்று தோன்றினால் டெர்மினலைப் பாருங்கள், செயலி அனுப்பிய மதிப்பு வந்த விவரம் அங்கே அச்சாகியிருக்கும். பிடிடிக்கு ஜிபிஐஓ அல்லது சீரியல் போர்ட்டைப் பயன்படுத்துங்கள். ஒலியை உணர்ந்து ரேடியோவை இயக்கும் விஓஎக்ஸ் நம்பகமானதல்ல: ஒலி நின்ற பிறகும் அது ரேடியோவை அழுத்தியே வைத்திருக்கும், அதற்குள் பதில் வந்துபோய்விடும்.

ஹாம் உரிமம் கையில் இருந்து, கோப்பைத் திருத்தத் தயங்காதவர் என்றால், இதைவிடச் சிறந்த 1200 பாட் மோடத்தை என்னால் பரிந்துரைக்க முடியாது. நிறுவியதும் அப்படியே விட்டுவிடாமல், ஒரு மாலையை டிஎக்ஸ்-டிலேக்கு ஒதுக்குங்கள். சேனல் பொதுச்சொத்து, நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மில்லி விநாடியும் இன்னொருவர் பேசக் கிடைக்கும் நேரம்.