சேப்பாக்கம்தான் வாத்தியார்

இந்தோ-சாரசெனிக் பாணியை ராபர்ட் சிஷோம் "உருவாக்கினார்"னு பலரும் எழுதுறாங்க. எனக்கு உடன்பாடில்லை.

மெரினாவில் அவர் கட்டிய மாநிலக் கல்லூரியைப் (1870) பாருங்க: இத்தாலிய சாயல். செனட் ஹவுஸ் (1879): நாலு மூலையிலும் குமிழ்க் கோபுரம். கட்டினவர் ஒருத்தர்தானான்னு சந்தேகம் வரும்.

ரெண்டுக்கும் நடுவில் நிற்பது ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. 1855க்குப் பின் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது. 1871 வாக்கில் அதை வருவாய் வாரிய அலுவலகமாக்கும் வேலை சிஷோமுக்கு வந்தது. பழைய கட்டடத்தோடு ஒத்துப்போயே ஆகணும். அடுத்தவர் எழுதின கோடைப் பராமரிக்கிறவனுக்கு இது புரியும். அங்கதான் அவர் கத்துக்கிட்டார்னு தோணுது. பெயர் மட்டும் மாணவனுக்குப் போயிடுச்சு.

ஒரகடத்தில் என் ஜன்னலுக்கு வெளியே வரிசையாத் தகர ஷெட். பக்கத்தைப் பார்த்துக் கட்டினது ஒண்ணுகூட இல்ல.