போகட்டுமா, இருக்கட்டுமா?

நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களைக் காட்டிலும் கால்பந்து ரசிகர்கள் நல்ல விமரிசகர்கள் என்று நான் பல நாளாகச் சொல்லிவருகிறேன். மதிப்புரைக்காரர் புஸ்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ரசிகரோ தொண்ணூறு நிமிஷமும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். அதுவும் சொந்தக் காசில் சீட்டு வாங்கிப் பார்க்கிறார். இன்ன ஆட்டக்காரனுக்கு இடது கால் வராது, இன்னவன் பந்தை வாங்குமுன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவர் சொல்லும் நுணுக்கம் நம் இலக்கிய விமரிசனத்தில் அபூர்வம். ஆனால் அதே மனிதரிடம், "கோச் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டுவிட்டால் போதும். பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டுப் பத்திரிகையில் வந்த புள்ளிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

சேலையூரில் இந்த விவாதத்தை நான் ஆற அமரக் கேட்டது 2019-ஆம் வருஷத்துக் கோடையில். சேலையூர் கால்பந்துக்குப் பேர் போன ஊர் அல்ல. அந்தப் பெருமை வியாசர்பாடிக்கு உரியது. தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிற நாங்கள் பெரும்பாலும் கிரிக்கெட் ஜாதி. ஆனாலும் 2014-இல் சென்னையின் எஃப்.சி. என்ற கிளப் பிறந்த நாளிலிருந்து இங்கே ஒரு கூட்டம் அதற்கு அடிமைப்பட்டுவிட்டது. ஆட்ட நாளன்று தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போவார்கள். ராத்திரி அதே வழியாகத் திரும்பி, கேம்ப் ரோடு வந்து சேர்வதற்குள் ஆட்டத்தை மறுபடி ஒரு தடவை ஆடி முடித்திருப்பார்கள். அந்த இரண்டாவது ஆட்டத்தில் நாம் தோற்பதில்லை.

விவாதத்துக்கு உரியவர் ஜான் கிரெகரி என்ற ஆங்கிலேயர். தம் நாட்டில் ஆஸ்டன் வில்லா என்ற பழைய கிளப்பை நடத்தி, 2000-ஆம் ஆண்டில் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். 2017-இல் இங்கே வந்தார். வந்த முதல் பருவத்திலேயே, 2018 மார்ச் 17-ஆம் தேதி, பெங்களூரில், பெங்களூர் அணியையே 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்ட பிறகு ஜெயித்த ஆட்டம் அது. மைல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில் தடுப்பாட்டக்காரர் இரண்டு தடவை மூலை உதையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அடுத்த பருவத்தில் அதே கிரெகரியின் அணி பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே இரண்டில் ஜெயித்தது, பதிமூன்றில் தோற்றது. ஒன்பது புள்ளிகளுடன் பத்து அணிகளில் பத்தாவது ஸ்தானம். சாம்பியன் ஒரே வருஷத்தில் கடைசி.

டீக்கடையில் இரண்டு கட்சி. போகச் சொல்லும் கட்சிக்குத் தலைவன் ஒரு கல்லூரி மாணவன். இருக்கச் சொல்லும் கட்சிக்கு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

"பதிமூணு மேட்ச் தோத்தவரை இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்கணுமா, சார்?"

"தம்பி, போன வருஷம் அவர் கப்பு வாங்கிக் குடுத்தப்போ அவர் படத்தை செல்போன்ல வெச்சிருந்தது யாரு?"

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் விவாதம் நகரவில்லை என்று சொன்னால் மிகையாகாது. ஒன்று, போன மாதத்துப் பட்டியல். மற்றது, போன வருஷத்துப் பட்டியல். இரண்டுமே பட்டியல்தான். பரிசு பெற்ற நாவல் என்பதால் நல்ல நாவல் என்கிறவரும், விற்காத நாவல் என்பதால் மோசமான நாவல் என்கிறவரும் எனக்கு ஒரே ஆசாமியாகத்தான் தோன்றுவார்கள்.

பெரியவர் கையில் இன்னொரு அஸ்திரமும் இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கோச்சுக்கு ஆபத்து வந்தாலும் அவரைக் காப்பாற்ற ஓடிவரும் அஸ்திரம்: அலெக்ஸ் பெர்குஸன். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை, 1989-இல் அவர் போகவேண்டும் என்று ரசிகர்கள் மைதானத்தில் துணியில் எழுதிப் பிடித்தார்கள், போகவில்லை, 1990-இல் எஃப்.ஏ. கோப்பை வந்தது, 2013-இல் அவர் ஓய்வு பெறுமுன் பதிமூன்று லீக் பட்டங்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இது வாதம் அல்ல, ஜோஸ்யம். பலித்த ஜோஸ்யத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் குடும்பத்துப் பாட்டி மாதிரி, பொறுத்ததால் பிழைத்த ஒரு கிளப்பை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பொறுத்துப் பொறுத்துக் கீழே போன கிளப்புகளின் கதையை யார் சொல்கிறார்கள்?

தவிர, பெர்குஸன் ஆண்ட இடம் வேறு. ஆங்கில லீகில் கடைசியில் வந்தால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். பணம் போகும், ஆட்டக்காரர்கள் போவார்கள், ஊர் மானம் போகும். அங்கே கோச் இருக்கட்டுமா என்ற கேள்வி கிளப் உயிரோடு இருக்கட்டுமா என்ற கேள்வி. நம்முடைய ஐ.எஸ்.எல்.லில் 2019-இல் இந்தக் கீழிறக்கம் கிடையாது. பத்தாவது வந்த கிளப் மறுவருஷம் ஒன்றுமே நடக்காதது போல மீண்டும் முதல் வரிசையில் ஆடலாம். பொறுமை இங்கே மலிவான சரக்கு. அதற்கு விலை கொடுத்தவர், பதிமூன்று தோல்விகளைத் தலையில் சுமந்துகொண்டு ராத்திரி ரயிலில் திரும்பிய ரசிகர் மட்டுமே.

"மானேஜர்" என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மானேஜர்தான் ஆட்டக்காரரை வாங்குவார், விற்பார், பையன்களை வளர்ப்பார். கிட்டத்தட்ட மடாதிபதி. இங்கே அவர் பெயரே தலைமைப் பயிற்சியாளர். பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பலர் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்து, ஊர்ப் பெயர்களை உச்சரிக்கக் கற்றுக்கொள்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். 2018-இல் கோப்பையைத் தூக்கிய காப்டன் ஹென்ரிக் செரெனோ அடுத்த பருவத்தில் இல்லை. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ், நடுவே நின்று அணியைக் கட்டிப் பிடித்தவர், முழங்கால் காயத்தால் வெளியே உட்கார்ந்துவிட்டார். இப்படிப் பாதி மேடை காலியான பிறகு நாடகம் தோற்றது என்று டைரக்டரைப் பிடித்து உலுக்குவது சுலபம்.

ஆனால் பிடித்து உலுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் பதிமூன்று தோல்வி அல்ல. அந்த டீக்கடையில் இரண்டு கட்சியிலும் சேராமல் நின்ற ஒருவர், பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருப்பவர், ஒரு விஷயம் சொன்னார்: "கோல் வாங்கினதுக்கு அப்புறம் நம்ம பசங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதில்ல சார். குனிஞ்சுக்கிட்டே நடு வட்டத்துக்குப் போறாங்க." அந்த வருஷத்து விவாதம் முழுவதிலும் நான் கேட்ட ஒரே விமரிசன வாக்கியம் அதுதான். ஸ்டேடியத்தில் உட்கார்ந்தவர் மட்டுமே சொல்லக்கூடியது. டெலிவிஷன்காரன் அந்த நேரத்தில் எதிர்க் கட்சியின் கொண்டாட்டத்தைக் காட்டிக்கொண்டிருப்பான். முதல் வருஷத்தில் பின்தங்கிய பிறகும் தலை நிமிர்ந்து ஆடி ஜெயித்த அணி இரண்டாம் வருஷத்தில் முதல் அடியிலேயே மடங்கியது என்றால், தோல்விக்கு முன்பே ஏதோ ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். அதைத் திரும்பக் கொண்டுவரக் கூடியவரா இவர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. டீக்கடையில் அந்த வாக்கியத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு உடனே பெர்குஸனுக்குப் போய்விட்டது.

கிளப் கிரெகரியை வைத்துக்கொண்டது. லீகில் கடைசியாக வந்த கையோடு அதே ஏப்ரலில் சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அணி போனதும், அங்கே கோவாவிடம் 2-1 என்று மட்டுமே தோற்றதும் இருக்கச் சொல்லும் கட்சிக்குத் தெம்பாகிவிட்டது. புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள்: லித்துவேனியாவிலிருந்து வால்ஸ்கிஸ், பிரேசிலிலிருந்து கிரிவெல்லாரோ, மால்ட்டாவிலிருந்து ஷெம்ப்ரி. 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் இவர்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்தாவதில் ஹைதராபாத்தை 2-1 என்று ஜெயித்தார்கள். அந்த மூன்று கோல்களும் தொண்ணூறு நிமிஷம் கடந்து வந்தவை. அன்று சீக்கிரம் ரயிலைப் பிடிக்கக் கிளம்பியவர்கள் இன்னும் வருந்துகிறார்கள். ஆறாவது ஆட்டம் சமன். நவம்பர் கடைசியில் கிரெகரி போய்விட்டார்.

வந்தவர் ஓவன் கோய்ல். எங்கள் ஊரில் அந்தப் பெயர் ஒரே வாரத்தில் "கோயில்" ஆகிவிட்டது. அவர் செய்ததைக் கட்சிக்காரர்கள் இருவருமே சரியாகப் படிக்கவில்லை. அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே ஷெம்ப்ரி. அணி கடைசிப் பக்கத்திலிருந்து நாலாவது ஸ்தானத்துக்கு ஏறிற்று. அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று அடித்து, அங்கே 2-4 என்று வாங்கி, மொத்தத்தில் 6-5 என்று தாண்டியது. 2020 மார்ச் 14-ஆம் தேதி, தொற்றுக்குப் பயந்து பூட்டிய பத்தோர்தா மைதானத்தில் ஆளில்லாத பெஞ்சுகளுக்கு முன்னால் நடந்த இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றது. பதினைந்து கோல் போட்ட வால்ஸ்கிஸுக்குத் தங்கக் காலணி.

மாணவன் சொன்னான்: பார்த்தீர்களா, ஆளை மாற்றினால் போதும். பெரியவர் சொன்னார்: பார்த்தாயா, கிரெகரி காலத்தில் சேர்ந்த ஆட்கள்தான். இருவர் சொன்னதும் நிஜம். ஆகவே இருவர் சொன்னதிலும் பாதிதான் நிஜம். சரக்கு கிரெகரி காலத்தது, சமையல் கோய்லுடையது. கோய்ல் பந்தை எதிராளி கோட்டைக்கு அருகிலேயே பறிக்கச் சொன்னார். கிரிவெல்லாரோவை வால்ஸ்கிஸுக்குப் பின்னால் சுதந்திரமாக உலவவிட்டார். கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றங்கள் இவை. பட்டியலில் இருக்காது.

"நல்ல கோச் எங்கே போனாலும் நல்ல கோச்" என்ற நம்பிக்கைக்கும் விடை கிடைத்தது. அதே கோய்ல் 2023-இல் திரும்பி வந்தார். எங்கள் கூட்டம் ரட்சகர் வந்துவிட்டதாகக் கொண்டாடியது. முதல் வருஷம் ஆறாவது ஸ்தானம். அடுத்த வருஷம் பதிமூன்று அணிகளில் பதினொன்றாவது. இதற்கெல்லாம் முன்பு மார்க்கோ மாத்தராஸியும் இப்படித்தான். 2014-இல் லீகில் முதல், 2015-இல் அடிமட்டத்திலிருந்து எழுந்து கோப்பை, 2016-இல் ஏழாவது. ஒரே மனிதர், ஒரே தொப்பி.

அந்த 2015-ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்தன. தாம்பரத்துக்கு இந்தப்புறமும் வீட்டுக்கு வீடு ஈரம். நம் ஊரில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆடி 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் போட்டு 3-2 என்று கோப்பையை எடுத்தார்கள். எங்கள் தெரு அதைக் கொண்டாடியது. ஒருவரும் நேரில் பார்க்கவில்லை. 2019-இல் ஏ.எஃப்.சி. கோப்பைக்கு நம் "சொந்த மைதானம்" அகமதாபாத். அதற்கப்புறம் தொற்றுக் காலத்து இரண்டு பருவங்கள் முழுக்கக் கோவாவில். சாபா லாஸ்லோ என்ற ஹங்கேரிக்காரர் அங்கே இருபது ஆட்டங்களில் பதினொன்றைச் சமன் செய்துகாட்டினார். பதினொன்று! அவர் இருக்கட்டும் என்று வாதாட எங்கள் ஊரில் ஆளே கிடைக்கவில்லை. போகட்டும் என்று கத்தவும் யாருக்கும் சுரணை இல்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு அங்கத்தினர் கையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். இங்கே கிளப் ஒரு சினிமா நட்சத்திரத்துக்கும், ஒரு கிரிக்கெட் வீரருக்கும், ஒரு தொழில் குடும்பத்துக்கும் சொந்தம். சேலையூர்க்காரருக்கு ஓட்டு இல்லை. மைதானமே சில வருஷம் இல்லை. அவருக்கு மிஞ்சியது அபிப்பிராயம் ஒன்றுதான். அந்த ஒரே சொத்தை, யார் வேண்டுமானாலும் பேப்பரைப் பார்த்துச் சொல்லக்கூடிய கணக்குக்குச் செலவழிக்கிறாரே என்பதுதான் என் ஆதங்கம். முதலாளிகளிடம் இல்லாதது பஞ்சர் கடைக்காரரிடம் இருந்த அந்தக் கண்.

2025-இல் கோய்ல் இரண்டாம் முறையாகப் போனார். அக்டோபரில் கோவாக்காரரான கிளிஃபர்ட் மிராண்டாவை நியமித்தார்கள். தற்காலிகம் என்ற அடைமொழி இல்லாமல் ஓர் இந்தியரிடம் இந்தக் கிளப் பொறுப்பைக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அப்போது லீக் எந்த மாதம் தொடங்கும் என்பதே யாருக்கும் தெரியாது. ஆனாலும் கேம்ப் ரோட்டில் அன்று மாலையே கட்சி பிரிந்துவிட்டது: இவர் ஒரு பருவம் தாங்குவாரா, மாட்டாரா? மாணவன் இப்போது உத்தியோகஸ்தன். கொஞ்சம் தொந்தியும் நிதானமும் வந்து, பொறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறான். பெர்குஸனையும் இழுத்தான். மிராண்டா 2023-இல் இடைக்காலப் பொறுப்பில் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் என்பதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அந்த ஆட்டங்களை உண்மையிலேயே பார்த்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். இரண்டு தடவை பேச ஆரம்பித்தார். அவரை முடிக்க விடவில்லை.