அடுப்படி யாருடைய ராஜ்ஜியம்?

திருமானூர்ப் பக்கம் அண்ணன் தம்பி பிரிஞ்சா, 'தனியா உலை வச்சுட்டாங்க'ன்னு சொல்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்களையே ஒரு குடும்பமாக எண்ணுகிறது. அடுப்படிதான் குடும்பம், அங்கே நிற்கிறவள்தான் மகாராணி: இதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன்.

1988இல் வந்த அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பின் தலைப்புக் கதை இந்த எண்ணத்தைத்தான் சோதிக்கிறது. ராஜஸ்தானில் ஒரு பெரிய வீடு. சமையலறை மட்டும் வெளிச்சமில்லாத மூலை. அதன் அதிகாரத்தை விட்டுடாதே என்கிறார் மாமியார் ஜீஜி. அந்த அதிகாரம் பொய்யில்லை. யாருக்கு என்ன, எவ்வளவு என்பது அவர் கையில்தான். ஆனால் வீட்டில் எந்த அறை எங்கே, எவ்வளவு பெரிசு என்பதைத் தீர்மானிப்பது ஆண்கள்.

கடைசியில் மருமகள் மீனாட்சி பேசுவது கொஞ்சம் பிரசங்கம்தான். ஆனாலும் கேள்வி நிற்கிறது: நம்ம வீட்டு அடுப்படிக்கு அளவு போட்டது யார்?