தோலில் தீட்டிய ராஜா

கட்டில் நாற்பது சீட்டு. எட்டு, ஒன்பது, பத்து கிடையாது, ராணியும் கிடையாது. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், அதற்கு மேல் சேவகன், குதிரைவீரன், ராஜா. காசு, கோப்பை, வாள், தடி என நான்கு இனங்கள். அமைப்பு அச்சு அசலாக ஸ்பானியக் கட்டு. ஆனால் சீட்டு காகிதமில்லை, பதனிடாத தோல். அதில் வண்ணம் தீட்டியவர்கள் வட அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சி மக்கள்.

அமெரிக்கக் கண்டத்துக்குச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். மெக்சிகோவில் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் ஸ்பானிய அரசு தன் ஏகபோகமாக வைத்திருந்தது. 1583ஆம் ஆண்டு அங்கு அச்சான சீட்டுத் தாள்கள் செவில் நகரின் இண்டீஸ் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றிலேயே அஸ்தெக் உருவங்கள் தலைகாட்டிவிட்டன. அங்கிருந்து வடக்கே அரிசோனாப் பக்கம் ஆட்டம் பரவியபோது காகிதக் கட்டு எளிதில் கிடைக்கவில்லை, கிடைத்ததும் சீக்கிரம் கிழிந்தது. குதிரைத் தோலுக்குப் பஞ்சமில்லை.

19ஆம் நூற்றாண்டின் அந்தக் கட்டுகளில் ஒன்றைக் கவனித்துப் பார்க்கலாம். மூலைகள் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என எண்ணிச் சில நிறங்கள். தொடக்கத்தில் ஸ்பானியச் சித்திரத்தை அப்படியே பார்த்து வரைந்தவர்கள், போகப்போகத் தங்கள் கோட்டுக்கு மாறினார்கள். ராஜாவின் அங்கி சில கோடுகளாகச் சுருங்கியது. காசு வெறும் வட்டக் கோலமானது. இதைத் தப்பும் தவறுமான நகல் என்று சொல்பவர் ஓவியம் பார்க்கத் தெரியாதவர். இந்தக் கட்டுகளைப் பற்றி வேலண்ட் தம்பதியும் ஆலன் ஃபெர்கும் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். அப்பாச்சிகள் இவற்றை வைத்து ஆடிய ஆட்டங்களில் ஒன்று கான்கியன். நம் வீடுகளில் ஆடும் ரம்மிக்கு அதுவே மூதாதை என்று சீட்டு வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அமெரிக்கக் கண்டத்தின் தென்கோடியிலும் இதே கதை. 1869-70இல் பட்டகோனியாவில் தெஹுவெல்சே மக்களோடு பயணம் செய்த ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி மஸ்டர்ஸ், அவர்களிடமும் தோல் சீட்டுகளைக் கண்டு எழுதினார்.

சித்திரம் தீட்டிய கருவிகளை வைத்துச் சூதாடுவது அமெரிக்கப் பழங்குடி மக்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் வாழும் ஹைடா மக்கள் வண்ணக் கோடுகளும் விலங்கு உருவங்களும் கொண்ட மரக்குச்சிகளால் பந்தயம் கட்டினார்கள். ஸ்டூவர்ட் குலின் 1907இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இவை விரிவாகப் பதிவாகியுள்ளன.

அச்சுத் தொழில் வளர்ந்ததும் நிலைமை தலைகீழானது. 1900இல் ஆடம் கிளார்க் வ்ரோமன் என்ற கலிஃபோர்னியப் புகைப்படக்காரர் தென்மேற்குப் பழங்குடிகளைப் படம்பிடித்து, அந்தப் படங்களைச் சீட்டுக்கட்டாக்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார். மெக்சிகோவின் படச்சீட்டு ஆட்டமான லோத்தெரியாவில் 38ஆம் சீட்டின் பெயரே ‘அப்பாச்சி’. வ்ரோமனின் படங்கள் நேர்த்தியானவை, மரியாதை குறையாதவை. ஆனாலும் தன் ராஜாவைத் தானே வரைந்தவன் இங்கே அடுத்தவர் கைச் சீட்டில் வெறும் முகமாகிவிட்டான்.

இன்று வடமேற்குக் கடற்கரைப் பாணியில், தடித்த கறுப்புக் கோடும் நீள்வட்டக் கண்ணுமாகப் பழங்குடி ஓவியர்களே வரைந்த காக்கை, ஓர்க்கா சீட்டுகள் அருங்காட்சியகக் கடைகளில் கிடைக்கின்றன. போலிகளும் உண்டு. பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லிக் கலைப்பொருள் விற்பதை அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வாங்குபவர் பெட்டியைத் திருப்பி, ஓவியரின் பெயரும் அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்கட்டும்.